மூக்கு, கண், மூச்சு

மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே, வலைக்கடையின் மாடியில், ஆக்னஸ் டீச்சர் இருந்தார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் வேலை பார்த்ததில்லை. பெரிய கம்பெனி ஒன்றில் சென்சார் பெட்டிகளுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் போதும் என்று எழுந்து ஊருக்கு வந்துவிட்டார். தேடி வந்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். வராதவரைப் பற்றி விசாரித்ததில்லை.

அவரிடம் படித்தவர்களில் வயதில் பெரியவர் சுடலைமுத்து. டீச்சரைவிடவே பதினைந்து வயது கூட. ஐஸ் பேக்டரியில் கம்ப்ரசர் ஓட்டியவர், வேலைநிறுத்தத்தில் வேலை இழந்தவர், யூனியன் செயலாளர். மேடை ஏறினால் இறங்க மனம் வராத ஆள்.

"தங்கச்சி வயசுப் பிள்ளைகிட்ட போய்க் கைகட்டி உக்காருதீராமே?" என்று யூனியனில் கேலி பேசினார்கள்.

"எங்கவே கைகட்ட? ரெண்டு கையும் கீபோர்டுலல்லா இருக்கு," என்றார் சுடலைமுத்து.

ஒரு நாள் அவர் டீச்சரிடம் கேட்டார்.

"துறைமுகத்துல இருக்க எட்டு ஐஸ் பேக்டரிக்கும் ஒரே புரோகிராம் எழுத முடியுமா டீச்சர்?"

"யாருக்காக?"

"இது என்ன கேள்வி? தொழிலாளிக்காக."

"நீங்க எழுத ஆரம்பிச்சிருக்கதப் பாத்தேன் அண்ணாச்சி. பெட்டிக்காக எழுதின மாதிரி இருந்தது."

சுடலைமுத்துவுக்குப் புரியவில்லை. புரியாதபோது பேசுவது அவர் பழக்கம். நெடுநேரம் பேசினார். டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பேசியதில் நியாயம் இருந்தது. ஐஸ் பேக்டரியில் தண்ணீரை உறைய வைப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது வேலைக்காரன். வெளியே வந்தால் கொலைகாரன். கசிவு கண்டால் ஆட்களை வெளியேற்ற அபாயச் சங்கு ஊத வேண்டும். ஆனால் சங்கின் சாவி மேனேஜர் மேசையில் இருந்தது. மேனேஜரைக் கேட்டு வர ஓடிய ஆள் திரும்புவதற்குள், கூட வேலை பார்த்த ராயப்பன் ஐஸ் உறையும் உப்புத் தொட்டியோரம் செத்து விழுந்து கிடந்தார். முதலாளிமார் சங்கம் மாலை அனுப்பியது. நல்ல மாலை. ரோஜாப்பூ வைத்துக் கட்டியது.

அதன்பின் யூனியன் எட்டு பேக்டரியையும் நிறுத்தியது. துறைமுகத்தில் மீன் நாறிய பிறகுதான் முதலாளிகளின் மூக்கு வேலை செய்தது. ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு கம்ப்ரசர் ரூமிலும் வாயுவை அறிந்து கம்பியில்லாமல் சேதி அனுப்பும் சென்சார் பெட்டி இருக்கும். தொழிலாளர் எழுதிய புரோகிராம் அந்தச் சேதியைக் கேட்டுத் தானே சங்கை ஊதும். மேனேஜரைக் கேட்காது.

கேட்டதைக் கேட்டபடி கொடுத்த முதலாளி இன்னும் பிறக்கவில்லை. இரண்டு நிபந்தனை வைத்தார்கள். எந்தப் பெட்டி வாங்குவது என்பது முதலாளி இஷ்டம். இன்ஸ்பெக்டர் சோதிக்கும் நாளில் ஒரே ஒரு பேக்டரியில் புரோகிராம் தவறினாலும், எட்டிலும் அந்தந்தப் பெட்டிக் கம்பெனியின் ஏற்பாடு வந்துவிடும். அந்த ஏற்பாட்டில் சேதி முதலில் சென்னைக்குப் போகும். அங்கிருந்து மேனேஜர் போனுக்கு வரும். மேனேஜர் சம்மதித்தால் சங்கு ஊதும்.

கையெழுத்தான மறுநாளே எட்டு முதலாளிகளும் எட்டுக் கம்பெனியின் பெட்டி வாங்கினார்கள். அவர்களுடைய ஒற்றுமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சுடலைமுத்து மலைக்கவில்லை. இந்தக் கம்பெனிப் பெட்டியானால் சேதியை இப்படிப் படி, அந்தக் கம்பெனிப் பெட்டியானால் அப்படிப் படி என்று எட்டையும் ஒரே புரோகிராமுக்குள் எழுதிச் சேர்த்தார். எட்டும் ஊதின. அவர் நடையே மாறியது.

அப்போது ஒரு பேக்டரியில் பெட்டியை மாற்றினார்கள். அங்கே சங்கு ஊமையாகிவிட்டது. ராத்திரி பகலாக உட்கார்ந்து திருத்தினார். திருத்தியதும் இன்னொரு பேக்டரியில் சங்கு காரணமில்லாமல் ஊதியது. ஐஸ் பாரைப் போட்டுவிட்டு ஓடிய ஆட்கள் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார்கள்.

டீக்கடையில் முதலாளிமார் சங்கச் செயலாளர் ரெத்தினவேல் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னவே சுடலை, ஒரு பக்கம் ஊதினா ஒரு பக்கம் அடைக்கி. உம்ம புரோகிராம் என்ன ஓட்டை நாதஸ்வரமா?"

"சோதனைக்கு நாள் இருக்கு."

"பெட்டியும் நிறைய இருக்குவே கடையில. மாசம் ஒண்ணு வாங்கிப் போடுதோம், உமக்கும் பொழுது போகணும்லா."

சுடலைமுத்து டீயைக் குடிக்காமல் மாடியேறினார்.

"டீச்சர், அவனுக பெட்டிய மாத்திக்கிட்டே இருப்பானுக. நான் செத்தாலும் எழுதி முடிக்க மாட்டேன்."

டீச்சர் அவருடைய புரோகிராமைத் திறந்து பார்க்கவில்லை. கொடிக்கயிற்றில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டார். ஒரு கிண்ணம் வேர்க்கடலையை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போய் உட்கார்ந்தார்.

"நீங்க சங்கு அண்ணாச்சி. நான் கம்ப்ரசர் ரூம். கேளுங்க."

"என்னத்தக் கேக்க?"

"ஊதணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண எது தெரியணுமோ அத."

"எந்தக் கம்பெனிப் பெட்டி?"

பதில் இல்லை.

"மாடல் நம்பர்?"

பதில் இல்லை.

"எண்ணு எதுல ஆரம்பிச்சு எதுல முடியுது? அதையாவது சொல்லுங்க."

சேலைக்குப் பின்னால் கடலைத் தோல் உடையும் சத்தம் கேட்டது.

"டீச்சர், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இருந்துகிட்டா வாய தொறக்காம இருக்கீங்க? சொல்லித் தொலைங்க. உள்ள மூக்கா, கண்ணா, மூச்சா?"

"கண்ணு."

சுடலைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த மூன்றும் ஐஸ் பேக்டரிக்காரரின் சொற்கள். உள்ளே இருப்பவர் "மூக்கு" என்று கத்தினால் வாடை வருகிறது, வால்வைப் பார். "கண்ணு" என்றால் கண் எரிகிறது, வேலையை விட்டு வெளியே வா. "மூச்சு" என்றால் மூச்சு அடைக்கிறது, ஓடு. ஒடிசாவிலிருந்து வந்தவரும் அஸ்ஸாமிலிருந்து வந்தவரும் தமிழில் சோறு என்று சொல்லப் பழகும் முன்பே இந்த மூன்றையும் பழகிவிடுவார்கள். கத்துகிற ஆள் எந்த ஊர், என்ன சாதி, அவர் மூக்கு நீளமா சப்பையா என்று நின்று விசாரித்தவர் எவரும் இல்லை.

"எங்க?" என்றார் சுடலைமுத்து, தணிந்த குரலில்.

"கம்ப்ரசர் ரூம், கடல் பக்கம்."

"எப்போ?"

"இப்ப."

சங்குக்கு இதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை.

"பெட்டிக்கு இந்த வார்த்தையெல்லாம் தெரியாதே டீச்சர். அது ஏதோ எண்ணல்லா அனுப்புது."

"அஸ்ஸாம்காரருக்குத் தெரிஞ்சுதா?"

"நாங்க சொல்லிக்குடுத்தோம்."

"ஏன்? சங்குக்கு அஸ்ஸாம் பாஷை சொல்லிக்குடுத்திருக்கலாமே."

சுடலைமுத்து எழுந்துபோய்ச் சேலையை விலக்கினார். டீச்சரின் மடியில் பெட்டி எதுவும் இல்லை. கடலைத் தோல்தான் இருந்தது.

அன்றே எழுதியதையெல்லாம் அழித்தார். சங்குக்குத் தனியாக ஒரு புரோகிராம் எழுதினார். அதில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. எங்கே, எப்போது, மூக்கா கண்ணா மூச்சா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மூக்குக்கு ஒரு ஊத்து. கண்ணுக்கு இரண்டு ஊத்து. மூச்சுக்கு நிறுத்தாமல் ஊத்து. பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு சின்னத் துண்டுப் புரோகிராம் வைத்தார். பெட்டி உளறும் எண்ணை வாங்கி மூன்று சொல்லில் ஒன்றாக மாற்றிச் சங்கிடம் கொடுப்பது அதன் வேலை. அதற்குத் துபாஷி என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரன் காலத்தில் பாஷை மாற்றிச் சொன்ன துபாஷிகள் இரண்டு பக்கமும் காசு வாங்கினார்கள். இந்தத் துபாஷி வாங்காது என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

பெட்டியை மாற்றினார்கள். துபாஷியை மாற்றினார். சங்கின் புரோகிராமில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மறுபடி மாற்றினார்கள். மறுபடி துபாஷியை மட்டும் மாற்றினார். மற்ற ஏழு பேக்டரிக்கும் அந்தச் சேதிகூடத் தெரியவில்லை.

பிறகு ஒரு சந்தேகத்தோடு மாடிக்கு வந்தார்.

"பெட்டியிலருந்து பதிலே வரலேன்னா என்ன பண்ண டீச்சர்?"

"பேக்டரியில என்ன பண்ணுவீங்க?"

"ஒருத்தன் உள்ள போனா, வெளிய நிக்கவன் அப்பப்ப 'ஓய்'னு ஒரு சத்தம் குடுப்பான். உள்ள இருக்கவனும் 'ஓய்'ம்பான்."

"அவர் சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா மூச்சுன்னுதான் அர்த்தம். ஏன் சொல்லலன்னு யோசிச்சுக்கிட்டு எவனும் நிக்க மாட்டான்."

சுடலைமுத்து உட்கார்ந்து அதையும் சங்கின் புரோகிராமில் எழுதினார்.

சோதனை நாள் வந்தது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வளர்மதி அம்மா, கையில் பிடிக்கும் வாயுமானியோடும், அமோனியாத் தண்ணீர் அடைத்த ஒரு குப்பியோடும் வந்தார். துணியில் இரண்டு சொட்டு நனைத்துப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோவார். சங்கு சரியாக ஊதுகிறதா என்று பார்ப்பார். ஏழு பேக்டரியில் சரியாக ஊதியது. தொழிலாளர் கூட்டம் ஒவ்வொரு பேக்டரியிலும் கூடிக்கொண்டே வந்தது.

எட்டாவது ரெத்தினவேலின் பேக்டரி. அங்கே கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பெட்டிக் கம்பெனியின் ஆள் சுவரில் புதுப் பெட்டி ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நேத்து வரைக்கும் இருந்தது ரிப்பேர் ஆயிடுச்சு மேடம்," என்றார். "இது இப்பதான் வந்த மாடல். இன்னும் மார்க்கெட்லயே இல்ல."

"துபாஷிக்கு அவகாசம் வேணும்," என்றார் சுடலைமுத்து.

"மத்தியானம் வரைக்கும் எடுத்துக்குங்க," என்றார் வளர்மதி அம்மா. கம்பெனி ஆளைப் பார்த்தார். "இதோட விவரக் குறிப்பைக் கொடுங்க."

கொடுத்தார். எந்த எண் எந்த வரிசையில் வரும் என்பது மட்டும் அதில் இருந்தது. எந்த எண் எவ்வளவு வாயு என்பது இல்லை.

"அது கம்பெனி ரகசியம்," என்றார் கம்பெனி ஆள்.

தொழிலாளியின் மூச்சுக்கு முன்னால் கம்பெனிக்கு ஒரு ரகசியம். சுடலைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டார். உப்புத் தொட்டியின் விளிம்பில் மடிக்கணினியை வைத்து, துணியை நனைத்து நீட்டினார். எண் ஏறவில்லை. இறங்கியது.

"கீழ போகுதேவே," என்றார் ரெத்தினவேல். "உம்மப் பாத்ததும் வாயு பயந்துட்டோ?"

ஆட்கள் சிலரின் முகம் வாடியது. சுடலைமுத்து துணியை விலக்கினார். எண் ஏறியது. நீட்டினார். இறங்கியது. அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"தலைகீழாப் பேசுத ஆளு. காத்து கெடக் கெட இது எண்ணக் குறைக்கும். சரி, பேசட்டும். துபாஷி எதுக்கு இருக்கு?"

எந்த எண்ணுக்கு மூக்கு, எந்த எண்ணுக்குக் கண் என்று குறிக்க வேண்டும். சுடலைமுத்து துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். இருபத்தாறு வருஷம் அமோனியாவில் கிடந்த மனிதர். இதற்கு ஒரு காகிதமா?

"மூக்கு," என்று எழுதப் போனார்.

பின்னால் ஒருவர் இருமினார். இந்தப் பருவத்துக்கு வேலைக்கு வந்த பிரதாப், ஒடிசாக்காரர். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். கன்னத்தில் நீர் வழிந்தது.

"கண்ணு," என்றார் பிரதாப். "அண்ணா, கண்ணு."

சுடலைமுத்து திரும்பி டீச்சரைப் பார்த்தார். கூட்டத்தோடு வந்திருந்த டீச்சர் வாசல் பக்கம் நின்றிருந்தார்.

"ஒரே துணி. ஆளுக்கு ஒரு வார்த்தை," என்றார் டீச்சர். "எத எழுதப்போறீங்க?"

"என் மூக்கு இருபத்தாறு வருஷ மூக்கு டீச்சர்."

"அதான் கேக்கேன். அதுவும் ஒரு பெட்டிதானே அண்ணாச்சி. மாடல் கொஞ்சம் பழசு."

கூட்டம் சிரித்தது. பிரதாப்கூட அழுத கண்ணோடு சிரித்தார். சுடலைமுத்துவின் காது சிவந்தது. எழுத ஆரம்பித்ததை அழித்தார். அரசாங்கத்திடம் கோரிக்கை வைத்துப் பழகியவர்தான், ஆனால் எல்லாம் கோஷம் போட்டுக் கேட்டது. தாழ்ந்த குரலில் கேட்பது இதுதான் முதல் தடவை.

"அம்மா, உங்க வாயுமானியக் கொஞ்சம் இந்தப் பெட்டிக்குப் பக்கத்துல வைக்கணும்."

வளர்மதி அம்மா வைத்தார். வாயுமானி சொன்ன அளவையும் பெட்டி உளறிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துபாஷிக்குச் சொல்லிக்கொடுத்தார் சுடலைமுத்து. சங்கின் புரோகிராமை அவர் திறக்கவே இல்லை.

துணியில் ஒரு சொட்டு. சங்கு ஒரு முறை ஊதியது.

இன்னும் கொஞ்சம். இரண்டு முறை ஊதியது.

இன்னும் கொஞ்சம். நிறுத்தாமல் ஊதியது. துணியை வாளித் தண்ணீரில் அமுக்கியதும், காற்று தெளிந்து, அடங்கியது.

வளர்மதி அம்மா பேனாவைத் திறந்தார். எல்லார் கண்ணும் பேனாவின் மேல் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பெட்டிக் கம்பெனியின் ஆள் சுவரோரம் நகர்ந்து, பெட்டியின் பேட்டரியைக் கழற்றினார்.

சங்கு எழுந்தது. நிறுத்தாமல் ஊதியது. துறைமுகம் முழுக்கக் கேட்டது.

உள்ளே இருந்த ஆட்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலை நோக்கி ஓடினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் வெளியே நின்றவர் ரெத்தினவேல். ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் கம்பெனி ஆள். "துளி வாயு இல்ல. சும்மா ஊதுது. புரோகிராம் தப்பு."

வளர்மதி அம்மா அவர் உள்ளங்கையில் இருந்த பேட்டரியைப் பார்த்தார்.

"பெட்டி செத்துப்போச்சு. சங்குக்கு அது தெரிஞ்சிருக்கு," என்றார். "உங்க ஏற்பாடு என்ன சொல்லுதுன்னு பாப்போம். மேனேஜர் போனக் கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். புதுப் பெட்டியோடு கம்பெனியின் ஏற்பாட்டையும் அதில் முன்கூட்டியே போட்டுவைத்திருந்தார்கள். போனில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்ப்ரசர் ரூமில் எல்லாம் நலம் என்று அது சொன்னது. பெட்டி உயிரோடு இருந்தபோது கடைசியாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

சுடலைமுத்து போனைக் கையில் வாங்கினார். கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

"இந்தப் பச்சை விளக்கப் பாத்துக்கிட்டுத்தான் தோழர்களே, நம்மள உள்ள அனுப்ப இருந்தானுக."

வளர்மதி அம்மா கையெழுத்துப் போட்டார். மேனேஜர் மேசையிலிருந்து சங்கின் சாவி வந்தது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இனி அது எதையும் திறக்காது, எதையும் பூட்டாது. கூட்டம் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தது. ராயப்பனின் மனைவி மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, அதை வாங்கி, கடலில் வீசினார்.

வெடி போட்டார்கள். கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின் மேல் சுடலைமுத்துவை ஏற்றினார்கள். அவர் பேசினார். எட்டு முதலாளிகளையும் பெயர் சொல்லிப் பேசினார். ஜெயித்த அன்று பேசுகிற பேச்சு தனி. இறங்கும்போது தொண்டை கட்டியிருந்தது, முகம் மட்டும் பளபளவென்று இருந்தது.

படகுத்துறைச் சுவரில் உட்கார்ந்திருந்த டீச்சரிடம் நேராக வந்தார்.

"டீச்சர், ஒரு வேலை பாக்கி இருக்கு."

"சொல்லுங்க."

"பேட்டரியக் கழத்துனானே, அவன் கம்பெனி. இனிமே அந்தக் கம்பெனிப் பெட்டி இந்தத் துறைமுகத்துல பேசக்கூடாது. அவன் பேரு வந்தா சேதிய வாங்காதேன்னு ஒரு வரி எழுதப்போறேன்."

"எழுதலாமே. எங்க எழுதுவீங்க?"

"சங்கோட புரோகிராம்ல. முதல் வரியிலயே."

டீச்சர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சரி அண்ணாச்சி. அப்ப இனிமே சங்கு முதல்ல அவன் பேரப் படிக்கும். அப்புறம் நம்ம ஆளுக மூச்சக் கேக்கும்."

சுடலைமுத்து வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் சுவரில் உட்கார்ந்தார்.